சூரை மீனும் மாசியும்



சில ஆண்டுகளுக்கு முன்பு, கடல் மீன்வளம் பற்றிய ஆங்கிலச் சுற்றறிக்கை ஒன்று தமிழாக்கத்துக்காக நம் மேசைக்கு வந்தது. அதில் 'டியூனா' என்னும் சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. முதற்படியில் அச்சொல் எல்லா இடங்களிலும் 'சுறா' என்றே பெயர்க்கப்பட்டிருந்தது. அந்தப் பிழை வேறு எவருடையதும் அன்று, நம்முடையதே. படி அச்சுக்குப் போகுமுன் தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவர் அதைப் படித்தார். படித்தவர் சிரித்துவிட்டார். "சார், இது சுறா இல்லை, சூரை. எழுத்து கிட்டக்கிட்ட இருந்தால் மீனும் கிட்டக்கிட்ட இருக்குமா?" என்றார்.

அவர் சிரித்தாலும், அது சிரித்து விட்டுவிடத்தக்க பிழை அன்று. சுறா வகைகளுள் சிலவற்றைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். சூரையைப் பிடிப்பதோ ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு. ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் மற்றொன்றைச் சொன்னால், அந்த அறிக்கையை நம்பிக் கடலுக்குப் போகிறவன் கதி என்ன? தலைநகரத்து அலுவலகத்தில் அமர்ந்துகொண்டு, கடலைப் பார்த்தே பல ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையில், தாய்மொழியில் நாள்தோறும் புழங்கும் ஒரு சொல்லை நாம் நழுவ விட்டிருந்தோம். வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய உங்களுக்கும் இத்தகைய அனுபவம் இருக்கக்கூடும். அந்த வெட்கத்தால் நாம் கற்றுக்கொண்ட சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

சூரை என்பது ஒரே மீனின் பெயர் அன்று. ஒரு கூட்டத்தின் பெயர். வஞ்சிரமும் கானாங்கெளுத்தியும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையோ, அதே குடும்பத்தைச் சேர்ந்தது சூரை. சுறாவுக்கு எலும்பு கிடையாது. அதன் உடற்கூடு குருத்தெலும்பால் ஆனது. சூரையோ முழு எலும்புடைய மீன். நம் கடல்களில் எலிச்சூரை என்னும் சிறிய வகை உண்டு; வயிற்றில் நீண்ட கரிய கோடுகளை உடைய வரிச்சூரை உண்டு; ஆளுயரத்துக்கு வளர்ந்து 100 கிலோவுக்கும் மேல் நிறுக்கும் மஞ்சள் துடுப்புச் சூரையும் உண்டு. மலையாளத்தார் இதனைச் 'சூர' என்பர். மும்பைச் சந்தையில் 'குப்பா' என்று கேட்டால் கிடைக்கும்.

இந்த மீனின் முதல் விந்தை, அது ஓய்வே அறியாதது என்பதாகும். பெரும்பாலான மீன்கள் ஓரிடத்தில் நின்றபடியே செவுள் மூடியை அசைத்துத் தண்ணீரை உள்ளே இழுத்து மூச்சுவிடும். சூரைக்கு அந்த வசதி இல்லை. வாயைச் சற்றே திறந்தபடி முன்னோக்கி நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள்களின் வழியே தண்ணீர் ஓடும், உயிர்வளி கிடைக்கும். நீச்சல் நின்றால் மூச்சும் நின்றுவிடும். மேலும், மீன்களை மிதக்கச் செய்யும் காற்றுப்பை வரிச்சூரைக்கு அமையவில்லை. ஆகவே நீந்தாத வரிச்சூரை மூழ்கும். பிறந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை இரவும் பகலும் அது சென்றுகொண்டே இருக்கிறது.

இவ்வாறு ஓயாது உழைக்கும் உடலுக்கேற்ற அமைப்பையும் இயற்கை தந்திருக்கிறது. உடல் நூற்கும் கதிர் போல இரு முனையும் கூர்ந்தது. வால் பிறை நிலா வடிவினது. வேகமாகச் செல்லும்போது முதுகுத் துடுப்பு உடலில் உள்ள பள்ளத்துக்குள் மடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரும்பாலான மீன்களின் உடல் சுற்றியுள்ள நீரின் குளிர்ச்சியையே கொண்டிருக்க, சூரையின் தசை நீரைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. தசையிலிருந்து திரும்பும் வெப்பமான குருதிக் குழாய்களும், செவுளிலிருந்து வரும் குளிர்ந்த குருதிக் குழாய்களும் ஒன்றோடொன்று நெருங்கி எதிரெதிராக ஓடுகின்றன. உழைப்பில் பிறந்த சூடு கடலில் கலந்து வீணாகாமல் வழியிலேயே கைமாறி உடலுக்குள் திரும்பிவிடுகிறது. நம் இல்லங்களில் 'கறுப்புச் சதை' என்று முகஞ்சுளித்து ஒதுக்குகிறோமே, அந்தச் செந்தசைதான் இந்த நெடும்பயணத்தின் பொறி. உயிர்வளியைத் தேக்கிவைக்கும் செந்நிறப் பொருள் அதில் மிகுந்திருப்பதே அந்நிறத்துக்குக் காரணம்.

மேலை இந்தியப் பெருங்கடலில் 2005ஆம் ஆண்டு தொடங்கி 1,60,000க்கும் மேற்பட்ட சூரை மீன்களைப் பிடித்து, அடையாளச் சீட்டு குத்தி மீண்டும் கடலில் விட்டார்கள். மீண்டும் பிடிபட்ட மீன்களுள் பல, விட்ட இடத்திலிருந்து நெடுந்தொலைவு கடந்து சென்றிருந்தன. சூரைக்கு மாநில எல்லையும் இல்லை, நாட்டெல்லையும் இல்லை. ஆகவே இதை எந்த ஒரு நாடும் தனியே காக்க இயலாது. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் என்னும் பன்னாட்டு அமைப்பு இதற்காகவே 1996 முதல் செயற்பட்டு வருகிறது. இந்தியாவும் அதன் உறுப்பு நாடு.

ஓயாது ஓடும் இந்த மீனை மனிதன் எவ்வாறு பிடிக்கிறான்? பல முறைகள் உள்ளன. அவற்றுள் மிகப் பழமையானதும், நம் நாட்டுக்குப் பெருமை தருவதுமான ஒரு முறையைக் காண மினிக்காய்த் தீவுக்குச் செல்வோம்.

லட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் பிறை வடிவில் கிடக்கும் தீவு மினிக்காய். அத்தீவினர் தம் மொழியில் அதனை 'மலிக்கு' என்பர். மற்றத் தீவுகளில் மலையாளத்தின் ஒரு வகை வழங்க, மினிக்காயில் மட்டும் மாலத்தீவு மொழியின் கிளையாகிய மஹல் பேசப்படுகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே வாழ்வோர் 10,000 பேருக்குச் சற்று மேற்பட்டவரே. அத்தீவின் ஆடவர் பலர் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் மாலுமிகள். ஆண்டில் பல மாதங்கள் ஊரைப் பிரிந்து வாழ்பவர்கள். ஊரில் இருப்போருக்குச் சூரையே தொழில்.

தீவின் மேற்கே பவளப் பாறைகள் அரண்போல் சூழ, ஆழமற்ற களப்பு ஒன்று அமைந்திருக்கிறது. மீன்பிடி அங்கேதான் தொடங்குகிறது. முதலில் பிடிப்பது சூரையை அன்று. விரல் நீளமே உள்ள வெள்ளிநிறச் சிறு மீன்களை. பவளத்தின் அருகே திரியும் அவற்றை நுண்ணிய வலையால் அள்ளி உயிரோடு வைத்துக்கொள்வார்கள். படகின் நடுவே, அடிப்பலகையில் துளைகள் இட்ட ஒரு தொட்டி உண்டு. துளைகளின் வழியே கடல்நீர் வந்துபோய்க்கொண்டிருப்பதால் இரை மீன்கள் உயிருடன் இருக்கும்.

படகு களப்பைத் தாண்டி ஆழ்கடலுக்குச் செல்லும். கடற்பறவைகள் கூட்டமாக வட்டமிடும் இடமே அடையாளம். கூட்டத்தை அணுகியதும் ஒருவர் இரை மீன்களைக் கைப்பிடி கைப்பிடியாக வீசுவார். மற்றவர் நீரை வாரி இறைப்பர். கடலின் மேற்பரப்பில் சிறு மீன்கள் துள்ளுவது போன்ற தோற்றம் உண்டாகும். பசிவெறி கொண்ட சூரைக் கூட்டம் படகின் பின்புறத்தை மொய்த்துக்கொள்ளும். அங்கே வரிசையாக நிற்போர் கைகளில் நீண்ட கழிகள், கழிநுனியில் கயிறு, கயிற்று முனையில் பளபளக்கும் தூண்டில் முள். சாதாரணத் தூண்டிலில் மீன் நழுவாதபடி பின்னோக்கிய கூர் ஒன்று இருக்குமல்லவா? இந்த முள்ளில் அது இல்லை. மீன் கவ்வியதும் ஒரே வீச்சில் கழியை மேலே தூக்குவார்கள். மீன் தலைக்குமேல் பறந்து, முள்ளிலிருந்து தானே விடுபட்டுப் படகின் தட்டில் விழும். அந்த வீச்சு முடியுமுன் கழி மீண்டும் நீரில். கூட்டம் கலைந்து போகும்வரை, சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கணக்கான மீன்கள் இவ்வாறு ஏறிவிடும்.

ஒரு முள்ளுக்கு ஒரு மீன். அதற்கு மேல் இல்லை. இம்முறையில் ஆமை சிக்குவது அரிது. ஓங்கில் சிக்குவது அரிது. கடலின் அடித்தளம் கீறப்படுவதும் இல்லை. உலகின் மீன்வள அறிஞர்கள் இன்று தேடிப் பாராட்டும் ஒழுங்கை இத்தீவினர் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே கையாண்டு வந்திருக்கின்றனர்.

இனி, பிடித்த மீனை என்ன செய்வது? பனிக்கட்டி இல்லாத காலம். வெயிலோ கடுமை. கேட்பாரோ கடலுக்கு அப்பால் இருக்கின்றனர். இந்த இக்கட்டிலிருந்து பிறந்ததே மாசி.

சூரையின் தலையையும் குடலையும் நடுமுள்ளையும் நீக்கி, சதையை நீளவாக்கில் துண்டுகளாக்குவார்கள். அவற்றை உப்பு நீரில் வேகவைத்து, தென்னை மட்டையும் உரிமட்டையும் எரியும் புகையில் வாட்டுவார்கள். பின்பு பல நாள் வெயிலில் உலர்த்துவார்கள். ஏறத்தாழ ஐந்து பங்கு பச்சை மீன் ஒரு பங்கு மாசியாகச் சுருங்கும். பார்வைக்குக் கருங்காலிக் கட்டை. தட்டினால் மரத்தின் ஓசை. மாதக்கணக்கில் கெடாது. மாலத்தீவு மொழியில் மீனுக்கு 'மஸ்' என்று பெயர். வடமொழி மத்ஸ்யத்தின் உறவு அது. நம் கடற்கரைத் தமிழின் 'மாசி'யும் அந்தச் சொல்லோடு தொடர்புடையதே.

இத்தொழிலின் பழமைக்குச் சான்று உண்டு. 1343ஆம் ஆண்டளவில் மாலத்தீவுக்கு வந்து அங்கே நீதிபதியாகவும் பணியாற்றிய மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, இந்த மீனைத் துண்டாக்கி, வேகவைத்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் உலர்த்துவதைக் குறித்து எழுதியிருக்கிறார். அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் அனுப்பப்பட்டது என்றும் அவர் கூறுகிறார். தூத்துக்குடித் தோணிகளுக்கும் மாலத்தீவுக்கும் உள்ள வாணிகத் தொடர்பு இன்றும் அற்றுப்போகவில்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மாசி இல்லாத சம்பல் சம்பலாக எண்ணப்படுவதில்லை.

இதே வரிச்சூரையை ஜப்பானியர் வேகவைத்து, புகையூட்டி, உலர்த்தி, 'கட்சுவோபுஷி' என்னும் கட்டையாக்குகின்றனர். அதைச் சீவிக் கொதிநீரில் இட்டு எடுக்கும் சாறே அவர்கள் சமையலின் அடிப்படை. 1913இல் ஷின்தாரோ கொடாமா என்னும் ஜப்பானிய வேதியியலறிஞர் அதன் சுவைக்குக் காரணமான பொருளைப் பிரித்தறிந்தார். அப்பொருள் இனோசினிக அமிலத்தின் உப்பாகும். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு ஆகியவற்றுள் அடங்காத அந்தச் சுவையை இன்று உலகம் 'உமாமி' என்று அழைக்கிறது. சாதாரணக் கத்தரிக்காய்க் கறியில் ஒரு சிட்டிகை மாசித்தூள் தூவினால் கறியே வேறொன்றாக மாறுவது எதனால் என்று நம் பாட்டிமார் கேட்டதில்லை. ஆனால் தூவ வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நேயர்களே, சூரையைத் தேடிச் செல்லும் தமிழரைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய கடலோர ஊர்கள் உள்ளன. அவ்வூர்களின் மீனவர் ஆழ்கடல் தூண்டில் தொழிலில் பெயர்பெற்றவர்கள். கொச்சியிலிருந்தும், மேற்குக் கடற்கரையின் மற்றத் துறைமுகங்களிலிருந்தும் படகேறிப் பல வாரங்கள் கடலிலேயே தங்கிச் சூரையும் சுறாவும் பிடித்து வருவர். வெளி மாநிலத்தில் பிழைக்கும் தமிழர் என்றால் அலுவலகத்திலும் ஆலையிலும் இருப்போரை மட்டுமே நாம் எண்ணுகிறோம். இவர்களும் நம்மைப் போலவே ஊரைவிட்டு வந்தவர்கள். இவர்களுடைய வெளியூர் அலைகளின் மேல் இருக்கிறது, அவ்வளவுதான்.

2017 நவம்பர் 30ஆம் நாள் குமரிக் கடலில் ஒக்கிப் புயல் வீசியபோது இம்மக்களின் படகுகள் பல கரைக்கு வெகு தொலைவில் இருந்தன. பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. புயல் மினிக்காய் வழியாகவும் லட்சத்தீவுகளின் வழியாகவும் சென்றது. அந்தத் தீவுகளில் ஒதுங்கி உயிர் பிழைத்தோர் உண்டு. மீளாதவர்களும் பலர். அந்த மார்கழியில் அவ்வூர்களில் அழுகுரல் ஓயவில்லை. சந்தையில் மீனின் விலையைப் பேரம் பேசும்போது இதனை ஒரு கணம் நினைத்துக்கொள்வது தகும்.

மீனவனுக்குப் புயல் ஆபத்து என்றால், மீனுக்கு ஆபத்து வேறு திசைகளிலிருந்து வருகிறது. தொலைநாட்டுப் பெருங்கப்பல்கள் கடலில் மிதவைகளை விட்டு, அவற்றின் நிழலில் கூடும் மீன்களை மிகப் பெரிய சுருக்குவலையால் ஒட்டுமொத்தமாக வளைக்கின்றன. வரிச்சூரையோடு, இன்னும் முட்டையிடும் வயதை எட்டாத மஞ்சள் துடுப்புச் சூரையின் குஞ்சுகளும் அதில் அகப்படுகின்றன. இந்தியப் பெருங்கடலில் மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று 2015இல் கணித்தார்கள். 2016இல் கட்டுப்பாடுகள் வகுக்கப்பட்டன. 2024இல் செய்த மறுகணிப்பு நிலைமை தேறியிருப்பதாகக் காட்டியது. ஆறுதலான செய்திதான், எனினும் கணக்கு தேறியது என்பதற்காகக் கவனத்தைத் தளர்த்திவிட முடியாது.

மினிக்காயின் கவலை இதனினும் நுட்பமானது. அங்கே சூரை குறையாவிட்டாலும் தொழில் நின்றுபோகக்கூடும். எப்படி? இரை மீன் இல்லையேல் கழித்தூண்டில் இல்லை. இரை மீன் வாழ்வது பவளக் களப்பில். கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறும்போது பவளம் வெளுத்து மடிகிறது. லட்சத்தீவுக் கடலில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய வெளுப்பு நேர்ந்தது. சூரையைப் பிடிக்கும் தொழிலின் உயிர், விரல் நீள மீனிடத்தில் இருக்கிறது. விரல் நீள மீனின் உயிர், அசையாத பவளத்திடத்தில் இருக்கிறது. சங்கிலியின் மிக மெல்லிய கண்ணி அற்றால் வலிய கண்ணிகளால் பயனில்லை.

இனிச் சமையலறைக்கு வருவோம். சூரை சத்து மிகுந்த உணவு. 100 கிராம் பச்சைச் சதையில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு, கொழுப்பு குறைவு. வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் விலையைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் அதைத் தாழ்வாக எண்ணுவோர் பலர். கறுப்புச் சதையை நீக்கிவிட்டு, மீதியை மஞ்சளும் உப்பும் சேர்த்து ஆவியில் வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு வதக்கிப் புட்டாகச் செய்து பாருங்கள். குழம்பில் இடுவதானால் கடைசியில் இட்டு விரைவில் இறக்கிவிட வேண்டும். நெடுநேரம் கொதித்தால் சதை கட்டையாகும்.

கடலுக்குத் தொலைவான நகரங்களில் வாழ்வோர் ஓர் எச்சரிக்கையை மறத்தலாகாது. சூரை பனிக்கட்டியின்றி வெப்பத்தில் கிடந்தால் அதன் சதையில் நுண்ணுயிர்களால் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகிறது. உண்டவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடலில் தடிப்பு எழும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அப்பொருள் அழியாது. ஆகவே பனிக்கட்டிக்குள் வைத்து விற்கும் மீனையே வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் குளிரில் வையுங்கள். மிளகைக் கடித்தாற்போல் நாக்கில் சுருக்கென்று உறைத்தால் எறிந்துவிடுங்கள். மிகப் பெரிய சூரை வகைகளில் பாதரசம் சற்று மிகுதியாகச் சேர்வதால், கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் வரிச்சூரை போன்ற சிறிய வகையை அளவோடு உண்பது நன்று.

பச்சை மீன் கிடைக்காத ஊரில் இருப்போருக்கு இருக்கவே இருக்கிறது மாசி. ஊரிலிருந்து வருவோரிடம் ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். உரலில் இடித்துத் தேங்காய்த் துருவல், வறுத்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு சேர்த்து, எலுமிச்சம் பழத்தைப் பிழிந்துகொண்டால் சம்பல் ஆயிற்று. நாக்பூரின் வெயிலும் தில்லியின் குளிரும் அதை ஒன்றும் செய்யா. தொலைவில் இருப்போருக்காகவே பிறந்த உணவு அது.

நின்றால் உயிர் தரிக்காத மீன் சூரை; எங்கே கொண்டுசென்றாலும் கெடாத உணவு மாசி. ஊரை விட்டு வந்து ஓடிக்கொண்டே இருக்கும் நமக்கு இவ்விரண்டும் அயலானவை அல்ல. அடுத்த முறை மீன் சந்தைக்குச் செல்லும்போது அம்மீனைக் கண்டால், உங்கள் பிள்ளைகளிடம் அதன் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். டியூனா என்று அவர்கள் முன்பே அறிந்திருப்பார்கள். சூரை என்று நாம்தான் சொல்லித் தரவேண்டும். சுறா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிழையை உங்கள் சார்பில் நாம் முன்பே செய்தாயிற்று.